வரிசையில் நிற்கும் பொழுது

கேளிக்கைப் பூங்காக்களில், வண்டி ஏறுவதற்கு முன் மக்கள் காத்து நிற்கும் வரிசையையே ஒரு காட்சிச்சாலைபோல் அலங்கரித்து வைக்கும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பரவியிருக்கிறது. ஓரிடத்தில் குகை போன்ற வழி; வேறோரிடத்தில் பாழடைந்த மாளிகை போன்ற கூடம்; மற்றோரிடத்தில் காட்டினூடே செல்லும் பாதை. வரிசையில் நிற்பவர் இவற்றைப் பார்த்துக்கொண்டே அடியெடுத்து வைக்கிறார். இந்த அலங்கார வரிசையில் நின்று பார்ப்பது பயனுடையதா, அன்றிக் கூடுதல் பணம் கொடுத்துக் குறுக்கு வழியே போய்விடுவது நன்றா என்று கேட்பவர் பலர். வினா சிறியது. இது சிறுபிள்ளைகளின் வினா என்று சிலர் நகைக்கவுங்கூடும். நகைப்பவரை நாம் ஒன்று கேட்போம்: தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழன் தன் வாழ்நாளில் எவ்வளவு பொழுதை வரிசையில் நின்றே கழித்திருக்கிறான் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பினாங்கு இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற ஊர். இங்கே காத்திருத்தலுக்கென்று ஒரு சரித்திரமே உண்டு. கப்பலில் வந்திறங்கிய நம் முன்னோர் ஜெரெஜாக் தீவிலே காத்திருந்தனர். கொடிமலைக்குப் போகிறவர் ஆயர் ஈத்தாம் அடிவாரத்திலே காத்திருக்கின்றனர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையிலே ஆயிரமாயிரம் பேர் காத்திருக்கின்றனர். இம்மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் காத்திருப்பு மனிதனை உயர்த்துகிறது, எது தாழ்த்துகிறது என்பது விளங்கும். அது விளங்கினால், முதலிலே கேட்ட வினாவிற்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் அலங்கார வரிசை என்பது யாதென்று அறிந்துகொள்வோம். அமெரிக்க நாட்டில் வால்ட் டிஸ்னி என்பார் 1955ஆம் ஆண்டில் டிஸ்னிலாந்து என்னும் பூங்காவைத் திறந்தார். அங்கே 1969இல் பேய் மாளிகை என்றொரு காட்சி அமைந்தது. உள்ளே நுழைவோரை முதலில் எண்கோண வடிவான ஓர் அறையில் நிறுத்துவர். கதவு மூடப்படும். சுவர்கள் மெல்ல மெல்ல நீள்வதுபோல் தோன்றும். சுவரிலுள்ள படங்களும் உடன் நீளும். கூட்டம் வியந்து கூவும். உண்மையில் அவ்வறை கீழே இறங்கும் ஒரு மின்தூக்கியே. காட்சிக் கட்டடம் பூங்காவின் எல்லைக்கு வெளியே இருப்பதால், மக்களை ரயில்பாதைக்கு அடியிலே கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தப் பயணத்தையே வேடிக்கையாக்கிவிட்டனர். பின்னர் 1971இல் புளோரிடா மாநிலத்தில் இதே மாளிகையைக் கட்டியபோது கீழே இறங்கவேண்டிய தேவையே இல்லை. ஆயினும் மக்கள் விரும்பியதால் அவ்வறையை விடவில்லை; தரை இறங்குவதற்கு மாறாகக் கூரை உயருமாறு செய்தனர்.

டிஸ்னிலாந்திலேயே 1995இல் திறந்த மற்றொரு காட்சிக்குச் செல்லும் வழி ஏறக்குறைய அரை மைல். பழங்கோயில் ஒன்றின் சுரங்கங்கள் வழியே நடந்து போகவேண்டும். அங்கே கூரையைத் தாங்கி நிற்பதுபோல் ஒரு மூங்கில் கழி இருக்கும். அதை அசைத்தால் கற்கள் உருண்டு விழும் ஓசை கேட்கும். சிறுவர் அதை விடாது அசைப்பர். இவ்வளவும் கடந்து வண்டியிலேறினால், வண்டி ஓடுவது சில நிமிஷமே. ஆகவே, காட்சி எது, காத்திருப்பு எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒன்றிவிடுகின்றன.

இவ்வித்தை பலிப்பதற்குக் காரணம் என்ன? காத்திருத்தலைப் பற்றிய ஆராய்ச்சி இருவகைப்படும். ஒன்று கணக்கைப் பற்றியது. டென்மார்க் நாட்டவரான எர்லாங் என்னும் கணித அறிஞர், கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் தேங்கி நிற்பதை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்த வரிசைக் கணிதம் நமக்குச் சொல்லுவது இது: ஓரிடத்தின் கொள்ளளவு ஏறக்குறைய முழுவதும் நிரம்பும்போது, வருவோர் தொகை சிறிது கூடினாலும் வரிசை அளவுக்கு மீறி நீளும். மணிக்கு 1,000 பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முன் 2,000 பேர் நின்றால், கடைசியில் நிற்பவர் இரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும். சுவரிலே சித்திரம் எழுதினாலும், கூரையிலே விளக்கு தொங்கவிட்டாலும் அந்த இரண்டு மணியில் ஒரு நிமிஷமும் குறையாது.

இரண்டாவது ஆராய்ச்சி மனத்தைப் பற்றியது. டேவிட் மைஸ்டர் என்பார் 1985இல் எழுதிய கட்டுரையொன்றில், கடிகாரம் காட்டும் நேரம் வேறு, காத்திருப்பவர் உணரும் நேரம் வேறு என்பதை எடுத்துக் காட்டினார். சும்மா நிற்கும் பொழுது நீண்டு தோன்றும். ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டிருக்கும் பொழுது குறுகித் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு நீளும். அச்சத்தோடு காத்திருப்பது நீளும். தனித்திருப்பது நீளும். எல்லாவற்றிற்கும் மேலாக, நியாயமற்ற காத்திருப்பு நீளும்; பின்னே வந்தவன் முன்னே போவதைக் கண்டால் ஒரு நிமிஷம் ஒரு நாழிகையாகிவிடும். அலங்கார வரிசை செய்வது இவற்றுள் முதலாவதை மட்டுமே. அது பொழுதை நிரப்புகிறது. ஏனையவற்றை அலங்காரத்தால் மாற்ற இயலாது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மைஸ்டர் எழுதியதை அவருக்கு முன்பே தம் உடலால் அறிந்தவர் நம் பாட்டனும் பாட்டியும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்களில், அறையின்றித் தட்டிலே பாய் விரித்துப் படுத்து அவர்கள் வந்தனர். 1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பலின் பெயரை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. 5,000 பேருக்கு மேற்பட்ட தட்டுப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற கப்பல் அது. 1973 வரை இக்கடலில் ஓடியது. பினாங்குத் துறைமுகத்தை அடைந்தவுடனே ஊருக்குள் போய்விடலாம் என்று எண்ணி வந்தவருக்கு முதலில் காட்டப்பட்டது ஜெரெஜாக் தீவு. 1875ஆம் ஆண்டளவில் அங்கே நோய்த்தடுப்பு நிலையம் ஏற்பட்டது. அம்மை, காலரா முதலிய நோய்கள் ஊருக்குள் பரவாதிருக்க, வந்திறங்கிய தொழிலாளரை அங்கே நிறுத்திவைத்துக் கவனித்தனர்.

நோய்த்தடுப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பொதுநலத்திற்கு அது வேண்டியதே. ஆயினும் அங்கே காத்திருந்த மனிதரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். எத்தனை நாள் என்பது அவருக்குத் தெரியாது. ஏன் என்பதை அவர் மொழியில் பொறுமையாக எடுத்துச் சொல்லுவாரும் அரியர். உடன் வந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் வேறு. எதிரே கடலுக்கப்பால் ஊரின் விளக்குகள் தெரியும், போக முடியாது. மைஸ்டர் சொன்ன குறைகள் யாவும் ஒருங்கே கூடிய காத்திருப்பு அஃது. அங்கே சுவரில் யாரும் சித்திரம் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதனால் ஆவதென்ன?

தீவிலிருந்து தோட்டம் சேர்ந்த பின்னும் காத்திருப்பு ஒழியவில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுக்கவேண்டும். நடுப்பகலில் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு வரிசை நிற்கவேண்டும். சம்பள நாளன்று கிராணியின் மேசைக்கு முன் மறுபடியும் வரிசை. கங்காணி முன்னே நிற்பார். துரை வரும்வரை எல்லோரும் நிற்பர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் குடியேறும் தொழிலாளரின் பயணத்தைத் தடை செய்தது. அதுகாறும் வந்தவரும், அவர்தம் மக்களும், பேரப்பிள்ளைகளும் இந்த வரிசைகளிலே வளர்ந்தவர். அவர் நேரத்திற்கு விலையில்லை என்று கருதியவரே அவரை நிற்கவைத்தனர். பிறன் நேரத்திற்கு விலையில்லை என்று கருதுவதே காத்திருக்கச் செய்பவன் செய்யும் முதற் பிழை. இதை உணர்ந்தவர்க்கே வரிசையின் அலங்காரத்தைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு.

இனித் தாய்நாட்டிற் சென்று காண்போம். காத்திருப்போரும் நடப்போரும் கண்ணாற் கண்டு களிக்கும்படி வழியையே சிற்பமாக்கும் கலை நமக்குப் புதிதன்று. இராமேசுவரத்துத் திருக்கோயிலின் வெளிப்பிரகாரம் பதினெட்டாம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர் காலத்தில் நிறைவெய்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள் இருமருங்கும் அணிவகுத்து நிற்கும் அவ்வழியில் வலம் வருவோர்க்கு நடையின் களைப்புத் தோன்றாது. மதுரையில் கோபுரத்தின் சுதைச்சிற்பங்களைக் கண்டபின், மண்டபத்தின் தூண்களைக் கண்டபின், குளக்கரையில் இளைப்பாறியபின்னரே கருவறை வாயில் வரும். டிஸ்னி செய்ததை நம் சிற்பிகள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்துவிட்டனர் என்று மார்தட்டிக் கொள்வாரும் உளர்.

மார்தட்டுவதற்கு முன் மற்றொன்றையும் நினைக்கவேண்டும். அத்துணை எழில்மிக்க வழியில் கால்வைக்கவே நம்மவருள் பலருக்கு உரிமை இல்லாதிருந்தது. 1939ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8ஆம் நாள், வைத்தியநாத ஐயரின் தலைமையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சிலர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தனர். அதுவரை அவர்களுக்கு வரிசை நீளமா, குறுகலா, அழகுடையதா என்ற வினாவே எழவில்லை. வரிசையில் நிற்பதே தடுக்கப்பட்டிருந்தது. ஆதலால் வரிசை என்பது இழிவானதொன்றன்று. ஒருவர் பின் ஒருவராய், முந்தி வந்தவர் முந்திச் செல்க என்று நிற்பது சமத்துவத்தின் ஒரு பாடம். குலத்தைக் கேளாது, பொருளைக் கேளாது, வந்த நேரத்தை மட்டும் கேட்பதே நல்ல வரிசை.

அப்பாடம் இன்று எந்நிலையில் உள்ளது? திருப்பதியில் பக்தர்கள் அமர்ந்து காத்திருக்கப் பெருங்கூடங்கள் கட்டி, உணவும் குடிநீரும் பாலும் அளிக்கின்றனர். இது நல்ல ஏற்பாடே. ஆனால் அங்கேயே 300 ரூபாய் கொடுத்தவர்க்குத் தனி வழியும் உண்டு. குலத்தின் பெயரால் இருந்த வேறுபாடு சட்டத்தால் ஒழிந்தது. காசின் பெயரால் வேறொன்று வந்து வாயிலில் நிற்கிறது.

இப்பொழுது பினாங்குக்குத் திரும்புவோம். இந்நகரத்தில் கேளிக்கைப் பூங்கா புதிய சரக்கன்று. உலகப் போருக்கு முன்னரே சுவாத்தோ சந்தில் ‘நியூ வோர்ல்டு’ என்றொரு பூங்கா இருந்தது. நாடகம், சினிமா, குத்துச்சண்டை, நடனம், சிற்றுண்டிக் கடைகள் யாவும் ஒரே வேலிக்குள் அமைந்திருந்தன. வாயிலைக் கடந்தவர் விரும்பிய இடத்தில் நின்று, விரும்பியதைப் பார்த்து, விரும்பும்போது நகர்ந்தனர். உலவுவதே அங்கே கேளிக்கை. இன்று அவ்விடம் உணவுக்கடைகள் நிறைந்த வளாகமாக மாறிவிட்டது. ஆனால், காத்திருத்தலின் சரித்திரத்தை முழுதும் காட்டவல்லது அப்பூங்காவன்று. கொடிமலையின் கம்பிவட ரயிலே.

கொடிமலைக்கு 1788ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் லைட் வழி வெட்டுவித்தார். அதன்பின் வெள்ளைக்கார அதிகாரிகள் குளிர்ச்சியை நாடி அங்கே மாளிகைகள் கட்டினர். அவர்கள் ஏறியது குதிரைமீதும், ஆட்கள் தோளிற் சுமந்த டோலி நாற்காலிகளிலும். டோலி தூக்கியோரும் காவலரும் வழிபட்ட சிறு கோயிலே இன்று மலைமேலுள்ள அருளொளித் திருமுருகன் ஆலயத்தின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் அமைக்கச் செய்த முயற்சி தோல்வியுற்றது. பின்னர் ஆர்னால்டு ஜான்சன் என்னும் பொறியாளர் சுவிட்சர்லாந்து மலை ரயில்களை நேரிற் பார்த்து வந்து புதிய திட்டம் வகுத்தார். பதினைந்து லட்சம் வெள்ளி செலவில் ரயில் அமைந்தது. 1923 அக்டோபர் 21ஆம் நாள் மக்கள் பயணத்திற்குத் திறக்கப்பட்டது. 1924 ஜனவரி முதல் நாள் கவர்னர் லாரன்ஸ் கில்மார்டு அதை முறைப்படி திறந்து வைத்தார். மரத்தாலான அவ்வண்டிகளில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகள் இருந்தன. மலை ஒன்றே, கம்பிவடமும் ஒன்றே. ஆசனம் மட்டும் இரண்டு.

அந்த ரயிலின் அமைப்பிலே ஒரு புதுமை இருந்தது. பாதை முழுவதும் 2,007 மீட்டர். அது இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வண்டி ஏற, மற்றொன்று அதன் எடைக்கு ஈடாக இறங்கும். நடுநிலையத்தில் எல்லோரும் இறங்கி, எதிரே நிற்கும் வேறு வண்டியில் ஏறவேண்டும். மேலே போய்ச்சேர ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நடுநிலையத்தில் இறங்கிய பயணிக்குக் காற்றின் குளிர்ச்சி மாறியது தெரியும். மரங்கள் மாறியது தெரியும். கீழே விட்டுவந்த ஊர் சிறுத்துக் காணும். ஒருவரும் திட்டமிட்டு அலங்கரிக்காத அலங்கார வரிசை அது. மலையே சித்திரம், காத்திருப்பே பயணத்தின் ஒரு பகுதி.

1977இல் மரவண்டிகள் நீங்கிச் செவ்வண்டிகள் வந்தன. 2010 பிப்ரவரியில் அவையும் நிறுத்தப்பட்டன. 6 கோடி 30 லட்சம் ரிங்கிட் செலவில் பாதை புதுப்பிக்கப்பட்டு, 2011இல் நீலவண்டிகள் ஓடத் தொடங்கின. ஒரு வண்டியில் 100 பேர் செல்லலாம். நடுநிலையத்தில் மாறவேண்டிய தேவை ஒழிந்தது. அரை மணிப் பயணம் பத்து நிமிஷத்திற்குள் அடங்கிவிட்டது. முதியோர்க்கும் நோயாளர்க்கும் இது பெரும் நன்மை, மறுக்கவியலாது. ஆனால் விடுமுறை நாளில் அடிவாரத்திற் கூடும் கூட்டத்திற்கு என்ன நேர்ந்தது என்றும் பார்க்கவேண்டும். முன்னே மலையின் நடுவில் காற்று வாங்கிக்கொண்டு கழித்த பொழுதை இப்பொழுது கீழேயுள்ள கம்பித் தடுப்புகளுக்கிடையே கழிக்கிறார்கள். பயணம் குறுகியது, காத்திருப்பு இடம் மாறியது. வேகம் என்பது பலவேளை இத்தகையதே.

தெலுக் பாஹாங்கில் 2012இல் திறந்த ‘எஸ்கேப்’ பூங்கா இதற்கு வேறொரு விடை கண்டது. அங்கே 1,111 மீட்டர் நீளமுள்ள நீர்ச்சறுக்குக் குழாய் ஒன்றுண்டு. 2019இல் உலகிலேயே நீளமானதென்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. மேலிருந்து கீழே வழுக்கி வர ஏறக்குறைய நான்கு நிமிஷம். குன்றின்மேல் போவதற்குப் படிக்கட்டு வரிசைக்கு மாறாகத் தொங்கும் நாற்காலிகளை அமைத்தனர். மரங்களின் தலைமேல் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து செல்லுகையில் காத்திருப்பதாகவே தோன்றாது. அட்டையாலும் சாந்தாலும் பொய்க்காடு ஒன்றைக் கட்டுவதற்கு ஈண்டு தேவையில்லை, மெய்க்காடே இருக்கிறது. அதைக் காட்டியதோடு, ஏறவேண்டிய உயரத்தையும் ஏற்றிவிடுகிறது அந்நாற்காலி. பேய் மாளிகையின் மின்தூக்கியும் முதலிற் செய்தது இதையே. வேலையோடு கூடிய அழகு ஒருவகை. வேலையை மறைக்கும் அழகு வேறுவகை.

மூன்றாவதாகத் தண்ணீர்மலை. பினாங்கின் தைப்பூசம் ஊரறிந்தது. பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து, 1894இல் தாய்நாட்டிலிருந்து வந்த வெள்ளி ரதம் புறப்பட்டு, 1857இல் அமைந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை நோக்கி ஊர்ந்து செல்லும். சில மைல் தொலைவே ஆயினும் பகற்பொழுது முழுதும் ஆகும். குன்றின்மேலுள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய 513 படிகள் ஏறவேண்டும். புதிய ஆலயம் 2012இல் குடமுழுக்குக் கண்டது. ரதம் வருமென்று சாலையோரத்தில் காத்திருப்போரும், படியேறக் காத்திருப்போரும் எண்ணிறந்தவர். அவர்களுள் ஒருவரேனும் காத்திருந்து அலுத்ததாகச் சொல்லக் கேட்பது அரிது. ஏன்?

ரதத்தைக் காண்பது சில நிமிஷமே. விழாவென்பது அந்தச் சில நிமிஷமன்று, சாலையே விழா. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோரும் பானகமும் சோறும் விலையின்றிக் கிடைக்கும். தமிழரோடு சீனரும் நின்று தேங்காய் உடைப்பர். தோட்டத்திலிருந்து வந்தவர் பல ஆண்டு காணாத உறவினரை அங்கே காண்பர். தேங்காய் உடைப்பின் அளவைப் பற்றியும் ஒலிபெருக்கியைப் பற்றியும் நமக்கு வேறு கருத்துண்டு. அஃது இக்கட்டுரையின் பொருளன்று. நாம் இங்கே கருதுவது ஒன்றே. தண்ணீர்ப் பந்தல் காத்திருப்பவரைப் பார்த்து, ‘நீ எங்கள் விருந்தாளி’ என்று சொல்லுகிறது. அலங்கார வரிசை நல்லதாயின் அதுவும் இதையே சொல்லவேண்டும். ‘நீ வாங்குபவன், அதுவரை உன்னை அமைதியாக நிறுத்திவைக்க இந்தப் பொம்மை’ என்று சொல்லுமாயின் அது விருந்தன்று, தாலாட்டு.

இனி நம் காலத்தின் பெருங்கேட்டை எடுத்துக்கொள்வோம். டிஸ்னி பூங்காக்களில் 1999ஆம் ஆண்டு விரைவுச் சீட்டு என்றோர் ஏற்பாடு வந்தது. குறித்த நேரத்திற்கு வருவதாகச் சீட்டு எடுத்துக்கொண்டால், நீண்ட வரிசையில் நிற்கவேண்டுவதில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை. முந்தி எழுந்து வந்தவர் எவரும் பெறலாம். 2021இல் அதை நீக்கிவிட்டுப் பணம் கொடுப்போர்க்கே விரைவு வழி என்று மாற்றினர். நம் கொடிமலை அடிவாரத்திலும் கூடுதல் விலைக்கு விரைவு வழிச் சீட்டு விற்கப்படுகிறது. 1923இல் வண்டிக்குள்ளே இருந்த முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வண்டியை விட்டு இறங்கி வரிசைக்குள் வந்து நின்றுவிட்டன.

‘பணம் உள்ளவன் கொடுக்கிறான், அதனால் மற்றவர்க்கு நட்டம் என்ன?’ என்று கேட்பர். கணக்கு எளிது. வண்டியில் ஏறக்கூடியவர் 100 பேரே. அவருள் 20 பேர் பக்கவழியே வந்தால், பொதுவரிசையிலிருந்து 80 பேரே ஏறுவர். விரைவு வழியில் வாங்கிய நேரம் வானத்திலிருந்து விழுந்ததன்று. பின்னே நிற்பவரிடமிருந்து எடுத்தது. அவரோ அதை விற்கவுமில்லை. அதற்கு விலை பெறவுமில்லை. ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தோட்டத்திலிருந்து வந்த தந்தை, தம் மகன் ‘அவர்கள் மட்டும் ஏன் முன்னே போகிறார்கள்?’ என்று கேட்கும்போது என்ன விடை சொல்லுவார்? நோயாளர், முதியோர், கைக்குழந்தை ஏந்தியோர், உடற்குறையுடையோர் ஆகியோரை முன்னே விடுவது அறம். அதைக் கண்டு எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்காது. பணப்பையை முன்னே விடுவது வேறு. வழிக்குப் பக்கத்தில் எத்துணைச் சித்திரம் தீட்டினாலும் அந்தப் பிள்ளையின் வினாவை அழிக்க முடியாது.

ஆகவே எம் தீர்ப்பு இதுதான். அலங்கார வரிசை காணத்தக்கதே; ஆனால் எல்லா அலங்கார வரிசையுமன்று. அதை அளப்பதற்கு வாசகர் மூன்று கோல்களைக் கையிற் கொள்ளலாம். முதலாவது, அது உண்மை சொல்லுகிறதா? எவ்வளவு நேரம் ஆகுமென்று வாயிலிலேயே எழுதியிருக்கவேண்டும். வளைந்து வளைந்து செல்லும் வழியால் நீளத்தை மறைத்து, உள்ளே நுழைந்தபின் அறியவைப்பது வஞ்சனை. இரண்டாவது, அவ்வழகு ஏதேனும் பணி செய்கிறதா? மேலே ஏற்றிச் செல்லலாம். கதையின் முற்பகுதியைச் சொல்லலாம். அறியாத செய்தியொன்றை அறிவிக்கலாம். ஒன்றுமே செய்யாது கண்ணைக் கட்டுவது மட்டும் போதாது. மூன்றாவது, அது எல்லோர்க்கும் ஒன்றா? பணமுள்ளவன் காணாமலே கடந்து போகும் அழகு, அழகாயின் அவன் ஏன் கடந்து போகிறான்? அவன் கொடுத்த காசே அதன் உண்மை விலையைச் சொல்லிவிடவில்லையா?

இம்மூன்றிற்கும் முன்னே வேண்டியவை வேறு சில: நிழல், குடிநீர், உட்கார இடம், கழிப்பறை. இவை இல்லாத இடத்தில் சித்திரம் எழுதுவது, பசித்தவன் முன் சாப்பாட்டுப் படத்தை மாட்டுவதை ஒக்கும். இவை யாவும் அமைந்தபின் சுவருக்கு வருவோம். கொடிமலை போன்ற இடங்களில் காத்திருப்பவரின் கண்முன் வைப்பதற்குப் பொய்க்குகையும் பொம்மைப் பேயும் வேண்டுவதில்லை. டோலி தூக்கிய தோள்களின் கதை இருக்கிறது. பாறையைக் குடைந்து 79 மீட்டர் சுரங்கம் வெட்டிய கைகளின் கதை இருக்கிறது. இரண்டு வகுப்பு ஆசனங்களின் கதையும் இருக்கிறது. இவற்றை எத்துணை விரித்து எழுதினாலும் தகும். அவ்வரிசையில் ஒரு மணி நின்றவன் மலைமேல் ஏறுமுன்னரே ஒன்றைக் கற்றவனாவான். அந்தப் பொழுதை யாரும் அவனிடமிருந்து பறித்ததாகாது.

தோட்டத்து அன்பர்களே, பட்டணத்துத் தோழர்களே! நாம் வரிசையை வெறுக்கும் குலத்தவரல்லர். ஒழுங்காய் நிற்பது எமக்கு இழிவுமன்று. ஜெரெஜாக் தீவிலும் பெரட்டுக் களத்திலும் நின்றவரின் வழிவந்த நாம், பொறுமையைப் பிறரிடம் கற்கவேண்டுவதில்லை. ஆனால் அப்பொறுமையை அவர் கொடுத்தது தம் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பதற்காக. விடுமுறை நாளில் குடும்பத்தோடு மலையடிவாரத்திற்குச் செல்லுங்கள். காலையில் முந்திச் செல்லுங்கள். பொதுவரிசையில் நில்லுங்கள், பக்கத்தில் நிற்பவர் மலாய்க்காரராயினும் சீனராயினும் ஒரு சொல் பேசுங்கள். காத்திருக்கும் பொழுதில் பிள்ளைகளுக்குப் பாட்டன் கதையைச் சொல்லுங்கள். அவர் எங்கே காத்திருந்தார், எத்தனை நாள் காத்திருந்தார், ஏன் காத்திருந்தார் என்று சொல்லுங்கள். வண்டி வருமுன் அந்தக் கதை முடியாது போனாலும் கேடில்லை. மேலே போனபின் மிச்சத்தைச் சொல்லலாம். அங்கிருந்து பார்த்தால் ஜெரெஜாக் தீவும் கண்ணுக்குத் தெரியும்.